நான்கு மணி நேரக் கரண்டும் மூன்று எஸ்.எஸ்.டி.யும்

ரங்கூனில் பழைய மாடி வீடுகளுக்கு லிஃப்ட் கிடையாது, கயிறு உண்டு. பால்கனியிலிருந்து தெரு வரை தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேல் முனையில் ஒரு மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் வீட்டில் மணி அடிக்கும். கம்ப்யூட்டரில் கோப்புகளைச் சேமிக்க நான் வாங்கிய எஸ்.எஸ்.டி. டிரைவ், க்ரூஷியல் எம்.எக்ஸ்.500, நான்காவது மாடிக்கு அப்படித்தான் ஏறி வந்தது. வரும் வழியில் பெட்டி இரண்டு தடவை சுவரில் இடித்தது. ஹார்ட் டிஸ்காக இருந்தால் எனக்கு உயிரே போயிருக்கும். எஸ்.எஸ்.டி.க்குள் சுழலும் தட்டும் கிடையாது, அதன் மேல் ஓடும் ஊசியும் கிடையாது. இடித்தால் இடித்துவிட்டுப் போகட்டும்.

பகலில் நான் உளுந்தும் துவரையும் இந்தியாவுக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டின் பின்னறைதான் என் உலகம். பஜனைக் குழுக்கள், தைப்பூசத்துக்குத் திருப்புகழ், தேவாரம் படிக்கும் பிள்ளைகள், கல்யாண வீட்டு நலங்குப் பாட்டு என்று வருகிறவர்களைப் பதிவு செய்கிறேன். அனவ்ரட்டா சாலையில் 1871-இல் கட்டிய காளி கோவில் இருக்கிறதே, அங்கே திருவிழாவில் பாடுகிறவர்களில் பல பேர் என் அறையில் வந்து தொண்டையைக் கனைத்தவர்கள்தான். சாமான்கள் அதிகம் இல்லை. ஆறாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய டெஸ்க்டாப், 16 ஜிபி ராம், நான்கு மைக் போடக்கூடிய பெரிங்கர் யு.எம்.சி.404 எச்.டி ஆடியோ இன்டர்ஃபேஸ், பதிவு செய்ய ரீப்பர் மென்பொருள், தம்புரா, தபேலா ஒலிகளைக் கம்ப்யூட்டரிலேயே வாசிக்கக் கான்டாக்ட் மென்பொருள்.

எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது. முறை வைத்துத் தருகிறார்கள். நல்ல நாட்களில் நான்கு மணி நேரம் இருக்கும், நான்கு மணி நேரம் இருக்காது. கோடையில் அதையும் நம்ப முடியாது. கரண்ட் போன மறு நிமிடம் தெரு முழுக்க ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். இன்வெர்ட்டர் வைத்துக் கம்ப்யூட்டரை ஓட்டலாம்தான், ஆனால் மைக்கைத் திறந்தால் பாட்டுக்குப் பதிலாக எதிர்வீட்டு ஜெனரேட்டர்தான் பதிவாகும். ஆகவே பாட்டு பதிவு செய்ய எனக்குக் கிடைப்பது கரண்ட் இருக்கும் நேரம் மட்டுமே. "மீ லா பீ!" (கரண்ட் வந்துவிட்டது!) என்று தெருப் பிள்ளைகள் கத்தும் சத்தம்தான் எனக்கு ஸ்டுடியோ திறக்கும் மணி.

பழைய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் எழுந்து உட்கார மூன்று நிமிடம். அப்புறம் தம்புரா, தபேலா, ஹார்மோனியம் எல்லாம் வைத்த என் வழக்கமான ரீப்பர் கோப்பு திறக்க 5 நிமிடம் 40 விநாடி. பாடுகிறவர் எதிரே உட்கார்ந்து லபெயே என்ற பர்மியத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு தடவை கரண்ட் வெட்டிவிட்டு வந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் காலி.

இன்னொரு தொல்லை சத்தம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க் விநாடிக்கு 120 தடவை சுற்றுகிறது, அதாவது 120 ஹெர்ட்ஸில் முனகும். ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிற ஆணுக்கு ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கொஞ்சம் கீழே, யாரும் கேட்காமலே ஒரு அபசுருதித் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும். சின்ன அறை, கம்ப்யூட்டரைத் தள்ளி வைக்க இடமும் இல்லை.

சரி, எஸ்.எஸ்.டி. வாங்கலாம் என்று கிளம்பி முதலில் வாங்கியது பெயரே கேள்விப்படாத ஒரு மலிவுச் சரக்கு. கம்பெனிப் பெயரும் வேண்டாம், விற்ற கடையும் வேண்டாம். நான்கு மாதம் நன்றாகவே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரியம் என்ற பக்கத்து ஊரிலிருந்து எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்தார். தன் அம்மா வயல்வேலையின்போது பாடிய தாலாட்டையும் நடவுப் பாட்டையும் பாடினார். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும், கரண்ட் போனது. அப்போது என்னிடம் யு.பி.எஸ். இல்லை. கரண்ட் திரும்பி வந்தபோது அந்த எஸ்.எஸ்.டி. திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டர் எழும்போது முதலில் வரும் பயாஸ் திரையில்கூட அதன் பெயர் தெரியவில்லை.

கோப்பு மட்டும் கெட்டிருந்தால் வழி உண்டு. பதிவின் நடுவே கரண்ட் போனால் வேவ் கோப்பின் தலைப்பகுதி சரியாக எழுதப்படாமல் நிற்கும், ஆனால் ஒலி பெரும்பாலும் உள்ளே இருக்கும். ஆடாசிட்டியில் 'ரா டேட்டா'வாக உள்ளே இழுத்து, 24 பிட், 48,000, ஒரு சேனல் என்று கொடுத்தால் பாட்டு திரும்ப வந்துவிடும். பல தடவை அப்படி மீட்டிருக்கிறேன். டிரைவே செத்துவிட்டால் எதை இழுப்பது?

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கணக்கு எழுதுகிறவன் என்பதால் முதலில் கணக்குப் போட்டேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக் ஒரு விநாடிக்கு 1,44,000 பைட். நான்கு மைக்குக்கும் சேர்த்தால் 0.6 மெகாபைட்கூட வரவில்லை. சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்.எஸ்.டி. விநாடிக்கு 550 மெகாபைட் படிக்கும், என்.வி.எம்.இ. என்ற புதிய வகை 3,500, அதற்கடுத்த தலைமுறை 7,000 என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நான்கு மைக் வைத்துத் திருப்புகழ் பதிவு செய்கிறவனுக்கு 7,000 எதற்கு? தயிர் சாதத்துக்குப் பந்தல் போடுகிற கதை.

ஹார்ட் டிஸ்க் எங்கே தோற்கிறது என்றால் தேடுவதில். அதன் ஊசி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்க 12, 13 மில்லிவிநாடி ஆகும். எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். கான்டாக்ட் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்கிலிருந்து இழுக்கும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள். அங்கேதான் ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்கும். எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு, ராமில் முன்கூட்டி ஏற்றி வைக்கும் அந்த அளவை நன்றாகக் குறைத்து வைத்தேன். ராம் மிச்சமாகிறது, கோப்பும் சீக்கிரம் திறக்கிறது.

இந்த இடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று. அதே 5 நிமிடம் 40 விநாடிக் கோப்பு சாட்டா எஸ்.எஸ்.டி.யில் 48 விநாடியில் திறந்தது. சாம்பிள்களை, அதாவது கான்டாக்ட் வாசிக்கும் வாத்திய ஒலித் துண்டுகளை, என்.வி.எம்.இ.க்கு மாற்றிப் பார்த்தேன், 41 விநாடி. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் ஆறு மடங்கு, என் கையில் கிடைத்தது ஏழு விநாடி. அதற்கு மேல் பிராசஸர்தான் தடை போல. ஆகவே பழைய கம்ப்யூட்டரில் என்.வி.எம்.இ. போடும் வசதி இல்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம்.

இப்போது என்னிடம் உள்ள மூன்றும்.

விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் டபிள்யூ.டி. ப்ளூ எஸ்.என்.570, 500 ஜிபி. இதில் தனியாக டிராம் என்ற தற்காலிக நினைவகச் சிப் கிடையாது. எந்தத் தரவு எந்தச் சில்லில் கிடக்கிறது என்ற வரைபடத்தை எஸ்.எஸ்.டி. எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், டிராம் அதற்குத்தான். டிராம் இல்லாத என்.வி.எம்.இ. டிரைவ் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டாவில் அந்தக் கடன் வசதி இல்லை. அதனால் டிராம் இல்லாத என்.வி.எம்.இ. பரவாயில்லை, டிராம் இல்லாத மலிவு சாட்டாவை மட்டும் ரெக்கார்டிங் வேலைக்கு வாங்காதீர்கள் என்பது என் கட்சி. எஸ்.என்.570 ஒன்றரை வருடமாக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகிறது. சித்திரை வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில் 62 டிகிரி காட்டியது. ஒரு சின்ன அலுமினியத் தகடு ஒட்டினேன், ஐம்பதுகளுக்கு இறங்கியது.

இதை மாட்டிய அன்று ஒரு கூத்து. அக்கா மகன்தான் வந்து மாட்டினான். விண்டோஸ் எழுந்தது, ஆனால் என் பழைய ஹார்ட் டிஸ்கைக் காணோம். "மாமா, டிஸ்க் செத்துப்போச்சு போல" என்றான் சாதாரணமாக. எட்டு வருடப் பதிவுகள் அதில். எனக்குக் கை கால் ஓடவில்லை. இரண்டு மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மதர்போர்டுக் கையேட்டைத் திறந்தால், எம்.2 துளையில் (பட்டை வடிவ எஸ்.எஸ்.டி. செருகும் இடம்) டிரைவ் போட்டால் ஒரு சாட்டா வாய் வேலை செய்யாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பக்கத்து வாயில் மாட்டினோம், டிஸ்க் உயிரோடு வந்தது. நிறைய போர்டுகளில் இப்படி உண்டு. முதலில் கையேடு, அப்புறம் திருப்புளி.

எம்.2 வாங்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் கொண்ட அந்தப் பட்டை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சாட்டா பேசுவதும் உண்டு, என்.வி.எம்.இ. பேசுவதும் உண்டு. உங்கள் போர்டு எந்த மொழி பேசும் என்று தெரியாமல் வாங்கினால் அது மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கத்தான் உதவும். பாட்டு வாத்தியார் ஒருவர் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தேன்.

பதிவுகள் நேரடியாகப் போய் விழுவது கயிற்றில் ஏறி வந்த எம்.எக்ஸ்.500-இல், ஒரு டெராபைட். 2023 மழைக்காலத்தில் இரண்டு லட்சத்து இருபதாயிரம் கியாட் கொடுத்தேன். இங்கே விலை டாலரோடு ஏறி இறங்கும், காலையில் சொன்னது மாலையில் நிற்காது, ஆகவே அந்தத் தொகையை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான், திடீரென்று கரண்ட் போனால் தாங்கும் ஏற்பாடு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டி.எல்.சி. வகைச் சில்லில், தரவு தங்கும் ஓர் அறைக்குள் மூன்று பிட்டுகள் இருக்கும். பாதி எழுதும்போது கரண்ட் போனால் இப்போது எழுதுவது மட்டும் போகாது, அதே அறையில் ஏற்கெனவே பத்திரமாக உட்கார்ந்திருந்ததும் சேர்ந்து கெடலாம். எம்.எக்ஸ்.500 அந்தப் பழைய தரவைக் காப்பாற்றும். டிராமில் வந்து நின்று, இன்னும் சில்லுக்குப் போகாத கடைசித் துளியைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பெரிய கெப்பாசிட்டர் வைத்த சர்வர் வகை டிரைவ் வேண்டும், விலையும் வேறு. எனக்குக் கடைசி இரண்டு விநாடி போனால் பரவாயில்லை, பாட்டியின் நாற்பது நிமிடம் போகக் கூடாது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் எதிர்பாராமல் கரண்ட் போன எண்ணிக்கையைக் காட்டுகிறது. என் எம்.எக்ஸ்.500-இல் 63. அதில் 58 யு.பி.எஸ். வாங்குவதற்கு முன் நடந்தவை. அறுபத்து மூன்று அடி வாங்கியும் ஒரு கோப்பும் கெடவில்லை.

சாம்பிள்களுக்குச் சாம்சங் 870 ஈவோ, அதுவும் ஒரு டெராபைட். இன்னொரு எம்.எக்ஸ்.500 கிடைக்காததால் அறுபதாயிரம் கூடக் கொடுத்து வாங்கினேன். நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு இரண்டில் எது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடைப் பையன் அதன் தம்பியான 870 க்யூ.வி.ஓ.வையும் காட்டினான், விலை குறைவு. அது ஓர் அறையில் நான்கு பிட் வைக்கும் க்யூ.எல்.சி. வகை. ஒரு டெராபைட் மாடலில் முதல் 42 ஜிபி வேகமாக எழுதிவிட்டு, அதன்பின் விநாடிக்கு 80 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். எங்கள் நான்கு மைக்குக்கு 80 என்பதே கடல். ஆனால் 300 ஜிபி சாம்பிள்களை ஒரேயடியாக அதில் கொட்டினால் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். எனக்கு ஒரு மணி நேரம் என்றால் கரண்ட் முறையில் கால் பங்கு. ஒரு தடவை கொட்டிவிட்டுப் பிறகு படிக்க மட்டும்தான் என்றால் தாராளமாக வாங்கலாம். இன்று காசு இறுக்கம் என்றால் நானே வாங்குவேன்.

எழுதி எழுதி எஸ்.எஸ்.டி. தேய்ந்துபோகுமாமே என்று பஜனைக் குழுவில் ஒருவர் பயந்தார். எம்.எக்ஸ்.500 ஒரு டெராபைட்டுக்குக் கம்பெனி சொல்லும் எழுத்து அளவு 360 டெராபைட். நான் தினமும் 10 ஜிபி பதிவு செய்தாலும் முடிய 98 வருடம். அதற்குள் நான் தேய்ந்துவிடுவேன்.

வாங்கிய கடையைப் பற்றி ஒரு வார்த்தை. சூலே பகோடாவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓர் இரண்டாம் மாடி அறை, வெளியே பெயர்ப்பலகைகூடக் கிடையாது. உள்ளே ஒரு பர்மியப் பையன். என்னை "ஊலே" (மாமா) என்று கூப்பிட்டு முதலில் ஒரு முக்காலியைத் தள்ளுவான், அப்புறம்தான் என்ன வேண்டும் என்று கேட்பான். பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஓடிய மணி நேரம், எழுதிய அளவு இரண்டையும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் காட்டுகிறான். புதிது என்று விற்கிறதில் 4,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். கடை ஸ்டிக்கர் ஒட்டி ஒரு வருடம் பொறுப்பு தருகிறான். பெட்டியில் அச்சடித்த ஐந்து வருடத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. குறை என்றால், வாய்ச் சொல்தான், பில் கேட்டால் தலையைச் சொறிவான்.

இவ்வளவு ஜாக்கிரதை ஏன் என்றால், முன்பு ஒரு நடைபாதையில் 2 டெராபைட் வெளி டிரைவ் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கினேன். கம்ப்யூட்டரும் 2 டெராபைட் என்றே காட்டியது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், சொன்ன இடம் முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். ஓட்டினேன். 64 ஜிபிக்கு மேல் எல்லாம் காற்று.

ஹார்ட் டிஸ்கைத் தூக்கி எறியவில்லை. வெளிப்பெட்டியில் போட்டு, ஞாயிறு இரவு மட்டும் மாட்டி அந்த வாரப் பதிவுகளை அதில் பிரதி எடுக்கிறேன். வருடக்கணக்கில் பெட்டிக்குள் தூங்க வைக்க எஸ்.எஸ்.டி. ஏற்றதில்லை. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் சில்லின் அறைகளில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும். முழுவதும் தேய்ந்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் வீட்டு எஸ்.எஸ்.டி.களுக்கு ஜெடெக் என்ற தரநிலை அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். எங்கள் ஊரில் 30 டிகிரி என்பது மார்கழி மத்தியானம்.

அப்புறம் யு.பி.எஸ். மூன்று எஸ்.எஸ்.டி.க்கும் போட்ட காசில் ஒன்றைக் குறைத்தாவது முதலிலேயே இதை வாங்கியிருக்க வேண்டும். 650 வி.ஏ., திரையை அணைத்தால் பத்து நிமிடம் தாங்குகிறது. பாட்டை முடித்து, சேமித்து, அணைக்க அது போதும். போன மாதம் சிரியத்துப் பாட்டி மறுபடி வந்தார். அன்றைக்குப் பாடிய நடவுப் பாட்டை இரண்டு அடிக்கு மேல் நினைவில்லை என்றார், ஆனால் தாலாட்டு முழுதாக வந்தது. மூன்றாவது கண்ணியில் கரண்ட் போனது. பாட்டி நிறுத்தவே இல்லை, இருட்டில் பாடிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு ஜெனரேட்டர் எழும்புவதற்குள் முடித்தும்விட்டார். கோப்பு பத்திரம், ஒரு விநாடி போகவில்லை. ஆனால் கடைசிக் கண்ணி முழுக்கத் தாலாட்டுக்கு நடுவே யு.பி.எஸ். கீச்சு கீச்சென்று கத்துகிறது. அதன் பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் கத்தாது என்று அன்றிரவுதான் கண்டுபிடித்தேன்.